குடம் குடமாய்ப் பெய்யும் மழையில் பூனைக்கும் நாய்க்கும் என்ன வேலை?

எசுப்பானியம் பேசும் நாடுகளின் நூற்கடைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களுக்கெனத் தனி அடுக்கே உண்டு. அவ்வடுக்கில் தடித்த இலக்கண நூல்களுக்கும் அகரமுதலிகளுக்கும் இடையே மெலிந்த நூல்வகை ஒன்று செருகப்பட்டிருக்கும். ஆங்கில மரபுத்தொடர்களை எடுத்தெழுதி, அவற்றின் பொருளை எசுப்பானியத்தில் விளக்குவது அந்நூலின் வேலை. அவற்றில் பெரும்பாலும் இடம்பெறும் தொடர்களுள் ஒன்று மழையைப் பற்றியது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது, 'பூனைகளும் நாய்களுமாய்ப் பெய்கிறது' என்கிறான் ஆங்கிலேயன். எசுப்பானியன் அதே மழையைப் பார்த்துக் 'குடம் குடமாய்ப் பெய்கிறது' என்கிறான். தமிழனும் குடம் குடமாய்க் கொட்டுகிறது என்றே சொல்கிறான். எசுப்பானியனிடமிருந்து தமிழனோ, தமிழனிடமிருந்து எசுப்பானியனோ இத்தொடரைக் கடன் வாங்கவில்லை. இரு நாட்டுப் பெண்டிரும் மண்குடத்தில் நீர் சுமந்தனர். இரு மொழியிலும் மழை குடத்திலிருந்து கவிழ்ந்தது. ஆங்கிலேயனின் வானத்தில் பூனையும் நாயும் எவ்வாறு ஏறின என்பதற்கோ ஆங்கிலச் சொல்லாய்வாளரே இன்றுவரை ஒருமுடிபு கண்டாரில்லை. ஆளுக்கொரு கதை சொல்கின்றனர்.

இதில் ஆங்கிலத்தை எள்ளுவதற்கு ஒன்றுமில்லை. மரபுத்தொடரின் இயல்பே அதுதான். உயர்ந்தோர் ஒரு பொருளை எவ்வாறு சொல்லிவந்தனரோ அவ்வாறே சொல்லுதல் மரபு என நன்னூலார் இலக்கணம் வகுத்ததும் இதுபற்றியே. சொல்லுக்குச் சொல் பொருள்கூட்டிப் பார்ப்பவன் இங்கு வழிதவறுவான். விலைமிகுந்த பொருளை வாங்கிய ஆங்கிலேயன் ஒரு கையையும் ஒரு காலையும் விலையாகக் கொடுத்ததாய்ப் புலம்புவான். எசுப்பானியன் முகத்துக் கண்ணொன்றைக் கொடுத்ததாய்ப் புலம்புவான். எளிதில் முடியும் வேலை ஆங்கிலேயனுக்கு இன்னப்பத் துண்டு. எசுப்பானியனுக்குத் தின்றுமுடித்த அப்பம். தமிழனுக்கு உரித்த வாழைப்பழம். ஆங்கிலப் பூனைக்கு ஒன்பது உயிர் என்றால் எசுப்பானியப் பூனைக்கு ஏழே உயிர். ஆங்கிலேயன் ஒரு கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்கிறான். எசுப்பானியன் ஒரே சூட்டில் அவ்விரண்டையும் வீழ்த்துகிறான். தமிழனோ எவ்வுயிருக்கும் ஊறு செய்யாமல் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறான். மிகுந்துள்ள இடத்திற்கே ஒன்றைக் கொண்டுசெல்லும் மடமையைக் குறிக்க, நியூக்காசில் நகருக்கு நிலக்கரி சுமப்பதாக ஆங்கிலம் சொல்லும். அந்நகர் நிலக்கரிக்குப் பேர்போனது. எசுப்பானியம் விசுக்காயாவுக்கு இரும்பு சுமப்பதாகச் சொல்லும். அப்பகுதி இரும்புச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பான் தமிழன். மூன்றிலும் கருத்து ஒன்று; ஊர் வேறு. அந்த ஊர்தான் மரபுத்தொடரின் உயிர்.

ஊரை மட்டுமோ, வரலாற்றையும் மரபுத்தொடர் சுமக்கிறது. ஒரு செயலைச் செய்ய இடையூறில்லை, பார்ப்பவர் எவருமில்லை என்பதைக் கரை தெளிவாயிருக்கிறது என்று ஆங்கிலேயன் சொல்வான். எசுப்பானியன் சொல்வது 'கரையில் மூர்கள் இல்லை' என்பது. மூர்கள் என்போர் வடஆப்பிரிக்க முசிலிம்கள். எசுப்பானியத்தின் நடுநிலக்கடற் கரையூர்களை வடஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் நூற்றாண்டுக் கணக்கில் தாக்கி, அகப்பட்ட ஆடவர் பெண்டிரை அடிமைகளாய்க் கொண்டுசென்றனர். அக்கரை நெடுகிலும் காவற்கோபுரங்கள் எழுந்தன. அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன. எசுப்பானிய இலக்கியத்தின் தலைமகனான செர்வாந்தெசே 1575இல் கடலிற் பிடிபட்டு, அல்சியர்சு நகரில் ஐந்தாண்டு சிறையிருந்து, 1580இல் மீட்புப் பணம் கொடுத்து மீட்கப்பட்டவர். 'கரையில் மூர்கள் இல்லை' என்று ஒரு சிறுவன் விளையாட்டாய்ச் சொல்லும்போது அவன் அறியாமலே அக்கோபுரத்தின் மேல் ஏறி நிற்கிறான். கரை தெளிவு என்னும் ஆங்கிலத் தொடரைத் தன் மொழிச் சொற்களால் அவன் பெயர்த்துச் சொல்வானாயின், பொருள் கிடைக்கும், கோபுரம் இடிந்துபோகும்.

அரிய செயலை முடித்தவனைப் 'பிளாந்தர்சில் ஈட்டி நட்டான்' என்பதும் அவ்வாறே. இன்றைய பெல்சியப் பகுதியிலும் அதனையடுத்த ஒல்லாந்திலும் 1568 முதல் 1648 வரை எசுப்பானியம் நடத்திய நெடும்போருக்கு ஒவ்வொரு மறவனையும் திரட்டி அனுப்புவது எத்துணைக் கடினம் என்பதை அத்தொடர் இன்றும் சொல்கிறது. விலைமதிப்பற்றதைப் 'பொத்தோசி பெறும்' என்பர். பொத்தோசி இன்றைய பொலிவியாவில் உள்ள வெள்ளி மலை, 1545இல் கண்டறியப்பட்டது, அதை அகழ்ந்து மாண்ட தென்னமெரிக்கப் பழங்குடியினரின் குருதியும் அத்தொடரில் ஊறியிருக்கிறது. காலந்தாழ்ந்து வந்தவரை 'நல்ல நேரம் பார்த்து வந்தீர், பச்சைக் கையரே' என்று வரவேற்பார்கள். 1476இல் அமைக்கப்பட்ட காவற்படையினர் பச்சைக் கைகள் வைத்த சட்டை அணிந்தனர். கள்வன் ஓடிய பின்னரே வருவது அவர்கள் வழக்கம் என்று மக்கள் நகைத்தனர். தமிழ்த் திரைப்படத்தின் இறுதிக்காட்சியில் வரும் காவலருக்கும் இவர்களுக்கும் உறவு நெருக்கமே.

இத்துணைச் செல்வம் உடைய மொழி எசுப்பானியம். ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாய்க் கொண்டோர் தொகை அதனினும் குறைவே. செர்வாந்தெசின் பெருநூலில் வரும் சாஞ்சோ பான்சா வாய்திறந்தால் பழமொழி கொட்டும். அவன் தலைவனே சலித்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டும். அத்தகைய மொழியினர் இன்று ஆங்கிலத்தின் முன் எவ்வாறு நிற்கின்றனர் என்பதே தமிழர் காணவேண்டிய காட்சி.

1990களில் எசுப்பானியத்தில் நகைச்சுவை நூல் ஒன்று வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. எசுப்பானிய மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் என்ன ஆகும் என்று காட்டுவது அந்நூல். 'வழிதவறியவன் ஆற்றுக்கு' என்பது எசுப்பானியத் தொடர். தலைக்குமேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்னும் கருத்தினது. அதை அப்படியே ஆங்கிலச் சொற்களில் பெயர்த்து நூலின் பெயராகவே வைத்தனர். எசுப்பானியர் வயிறு குலுங்கச் சிரித்தனர். 2013இல் புவேனோசு ஐரெசு நகரில் ஒலிம்பிக்கு விளையாட்டை மாட்ரிட்டு நகருக்குக் கேட்டு ஆங்கிலத்திற் பேசிய அந்நகரத் தலைவர் ஆனா பொத்தெய்யா, தம் ஊர்ச் சதுக்கத்தில் இளைப்பாறிக் குடிக்கும் பாற்குளம்பியின் பெயரை ஆங்கிலத் தொடரின் நடுவே எசுப்பானியத்திலேயே சொல்லிவிட்டார். அதற்கும் நாடே சிரித்தது, நெடுநாள் சிரித்தது.

சிரிக்கட்டும். ஆயின் அதே எசுப்பானியர் மறுதிசையிற் செல்லும் பெயர்ப்புக்கு ஏன் சிரிப்பதில்லை? 'எப்படியும் கடைசியில்' என்னும் பொருளில் ஆங்கிலேயன் 'நாளின் முடிவில்' என்கிறான். எசுப்பானியத்தில் அதற்கு 'முடிவிலும் முனையிலும்' என்னும் பழந்தொடர் உண்டு. இருந்தும் அரசியலாளரும் வணிகரும் செய்தியாளரும் 'நாளின் முடிவில்' என்றே எசுப்பானியச் சொற்களாற் பேசுகின்றனர். எல்லாரும் அறிந்தும் எவரும் பேசாத சிக்கலை ஆங்கிலேயன் அறைக்குள் நிற்கும் யானை என்றான். அந்த யானை எசுப்பானியத் தாளிகைகளின் தலையங்கத்துக்குள்ளும் வந்து நிற்கிறது. 'பொருளுடைத்து' என்பதற்குப் 'பொருள் செய்கிறது' என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தில் பொருளைச் 'செய்வது'தானே வழக்கம்! தன் தொடர் ஆங்கிலத்திற் சென்றால் அது கோமாளித்தனம். ஆங்கிலத் தொடர் தன் மொழிக்குள் வந்தால் அது நாகரிகம். இருபுறமும் நடந்த செயல் ஒன்றே. ஒன்றுக்குச் சிரிப்பும் ஒன்றுக்கு மதிப்பும் தருவது மொழியறிவன்று. ஆண்டான் யார், அடிமை யார் என்னும் அறிவு அது.

அவ்வறிவு எவ்வாறு ஊட்டப்படுகிறது என்பதற்குப் புவெர்த்தோ ரிக்கோத் தீவே சான்று. 1898இல் போரில் வென்று அத்தீவை அமெரிக்கா கைப்பற்றியது. 1902இல் ஆங்கிலமும் எசுப்பானியமும் ஆட்சிமொழிகள் என்று சட்டம் வந்தது. எசுப்பானியமன்றி வேறறியாப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்னும் கொள்கை, இடையிடையே தளர்ந்தும் இறுகியும், அரை நூற்றாண்டளவு அவர்களை வாட்டியது. 1949இல்தான் எசுப்பானியம் பயிற்றுமொழியாய் நிலைத்தது. 1991இல் எசுப்பானியம் ஒன்றே ஆட்சிமொழி என்று தீவின் சட்டமன்றம் துணிந்தது. அவ்வாண்டு அசுத்தூரியாசு இளவரசர் பெயராலான இலக்கிய விருது எந்த எழுத்தாளருக்கும் வழங்கப்படவில்லை. புவெர்த்தோ ரிக்கோ மக்களுக்கே வழங்கப்பட்டது. தம் மொழியைக் காத்ததற்காக ஒரு மக்களினமே இலக்கிய விருது பெற்றது. ஈராண்டு செல்லவில்லை. 1993இல் ஆட்சி மாறியது. ஆங்கிலம் மீண்டும் ஆட்சிமொழி இருக்கையில் அமர்ந்தது. ஆயினும் வீட்டிலும் தெருவிலும் அத்தீவினர் பேசுவது இன்றும் எசுப்பானியமே.

எசுப்பானியத்துக்காக இரங்கும்போதே அதன் கைகளிலுள்ள கறையையும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மொழிகள் அழிந்து காசுத்தீலியம் ஒன்றே பேசப்படவேண்டும் என்று 1770இல் ஆணையிட்டவன் மூன்றாம் சார்லசு என்னும் எசுப்பானிய மன்னன். காத்தலானையும் பாசுக்கையும் பள்ளியிலும் அலுவலகத்திலும் நுழையவிடாமல் தடுத்தது, 1975 வரை நீடித்த பிராங்கோவின் கொடுங்கோலாட்சி. வல்லாண்மை செய்த மொழியும் தன்னினும் பெரிய வல்லாண்மைக்கு முன் கூனிக்குறுகும் என்பது பாசுக்கருக்கும் காத்தலானியருக்கும் ஒருகால் நகைப்பாய் இருக்கலாம்.

காவலர் இல்லையா எனின், உளர். எசுப்பானிய அரச மொழிக்கழகம் 1713இல் தோன்றியது. மொழியைத் துப்புரவாக்கி நிலைப்படுத்தி ஒளியூட்டுவதே தன் கடன் என்று பொறித்துக்கொண்டது. 1951இல் மெக்சிக்கோவில் கூடி எசுப்பானிய மொழிக் கழகங்கள் எல்லாம் ஓரமைப்பாயின. இன்று அவை 23. அயற்சொற்கள் வந்தால் அவற்றின் எழுத்தையேனும் எசுப்பானியமாக்குவர். ஆங்கிலக் குடிவகையின் பெயரைக்கூடத் தம் எழுத்திலக்கணத்திற்கு வளைத்து எழுதினர். 2016இல் அரசக் கழகம் நகைச்சுவை விளம்பரப் படங்களும் எடுத்தது. அழகிய பெண்ணொருத்தி புதிய நறுமணநீர் ஒன்றை ஆங்கிலப் பெயர் சொல்லிக் காட்டுவாள். அப்பெயரின் பொருள் 'பன்றி'. வேறொன்றில் கதிர்க்கண்ணாடிக்கு ஆங்கிலத்திற் சொல்லப்பட்ட சிறப்பு 'குருட்டு விளைவு'. ஆங்கிலமாய் ஒலித்தால் பன்றியும் மணக்கும், குருடும் அழகாகும் என்று மக்களுக்கு இடித்துரைத்த அப்படங்கள் பாராட்டத்தக்கன.

ஆனால் கழகத்தின் காவல் சொல்லளவில் நின்றுவிடுகிறது. வேற்றுநாட்டுச் சொல் வாயிலில் வந்து நின்றால் அதன் தோற்றமும் ஒலியும் அதைக் காட்டிக்கொடுக்கும், காவலன் தடுப்பான். மரபுத்தொடர் அவ்வாறு வருவதில்லை. அது உள்நாட்டு உடை உடுத்து, உள்நாட்டு மொழி பேசிக்கொண்டு நுழைகிறது. அமெரிக்க ஒன்றிய நாடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் எசுப்பானியம் பேசுகின்றனர். தொலைபேசியில் பிறகு கூப்பிடுகிறேன் என்பதை அவருட் பலர் 'பின்பக்கமாய்க் கூப்பிடுகிறேன்' என்கின்றனர். அத்தொடரில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு சொல்லும் பழுதற்ற எசுப்பானியம். அகரமுதலியைப் புரட்டி அதில் குற்றம் காண எந்தக் கழகத்தாலும் இயலாது. ஆங்கிலம் தெரியாத எசுப்பானியக் கிழவி ஒருத்தி கேட்டால்தான், இவன் ஏன் முதுகைத் திருப்பிக்கொண்டு கூப்பிடுகிறான் என்று திகைப்பாள்.

தனித்தமிழ் அன்பர்கள் இவ்விடத்தில் தம் எழுத்தையே ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம் வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் இனங்கண்டு விலக்கக் கற்பித்தது. சொற்காவல் இன்று வலுவாகவே உள்ளது. தொடர்க்காவல்? மறைவுச் செய்தி வெளிப்பட்டால் 'பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது' என்று தமிழ்த் தாளிகைகள் எழுதுகின்றன. பூனையும் தமிழ், குட்டியும் தமிழ், வெளியும் தமிழ். எந்தப் பையிலிருந்து அக்குட்டி வந்தது? ஆங்கிலேயனின் பையிலிருந்து. குட்டு உடைந்தது, சாயம் வெளுத்தது என்னும் தொடர்கள் தமிழில் இல்லாமற் போயினவா? இதே இடத்தில் எசுப்பானியனுக்கு வெளிப்படுவது பூனையன்று, மூடிவைத்த பணியாரம்.

இனத்தைக் காட்டிக்கொடுப்பவனைக் 'கறுப்பு ஆடு' என்று தூயதமிழ் மேடைகளிலேயே முழங்குகின்றனர். ஆங்கிலேயனுக்கு ஆட்டு மயிரே செல்வம். வெண்மயிர் எந்தச் சாயத்தையும் ஏற்கும், கருமயிர் ஏற்காது. எனவே கறுப்பு ஆடு மந்தைக்கு இழப்பு. எசுப்பானியத்திலும் கறுப்பு ஆடு உண்டு. அந்நாடும் உயர்வகை ஆட்டுமயிருக்குப் பேர்போன நாடாதலின் அது பொருந்தும். தமிழ்நாட்டில் காவற்றெய்வத்துக்கு நேர்ந்துவிடத் தேடித்தேடி வாங்குவது கருங்கிடாயை. அதை இழிவுக்கு உவமையாக்கியது யார் கண்? புல்லுருவி என்றும், குலத்தைக் கெடுக்கவந்த கோடரிக்காம்பு என்றும் சொல்ல வாய் கூசுகிறதா? பொய்யழுகைக்கு முதலையைத் தேடிப்போகிறவன், ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயை ஏன் மறந்தான்? அறைக்குள் யானையை நிறுத்துமுன், சோற்றில் மறைத்த முழுப்பூசணிக்காயை நினைத்துப் பார்த்தானா? பச்சைக்கொடி காட்டுவதை வேண்டுமானால் விட்டுவிடலாம். தொடர்வண்டி நிலையத்தில் அக்கொடியைத் தமிழனும் தன் கண்ணாற் கண்டிருக்கிறான்.

கலப்பின்றி மொழி வளராது என்று வழக்காடுவோர் இங்கும் எழுவர். எசுப்பானியத்தில் அரபுச்சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனவே, அதனால் அது கெட்டதா என்று கேட்பர். கி.பி. 711 முதல் 1492 வரை அரபு மொழியினர் அந்நாட்டின் பெரும்பகுதியையோ சிறுபகுதியையோ ஆண்டனர். சருக்கரையும் பருத்தியும் அவற்றின் பெயர்களோடு வந்தன. பொருளோடு வந்த பெயர் அது. அதையும் தனித்தமிழர் ஏற்கமாட்டார், அது நிற்க. 'நாளின் முடிவில்' என்னும் தொடரோடு எசுப்பானியத்துக்கு வந்த புதுப்பொருள் எது? நாளும் முன்பே இருந்தது, முடிவும் இருந்தது, அக்கருத்தைச் சொல்லத் தொடரும் இருந்தது. வந்தது புதியதன்று, போனதுதான் பழையது.

ஆங்கிலம் கற்கவே கூடாது என்பது இதன் கருத்தன்று. கற்பிக்கும் முறையிலேதான் கேடும் காப்பும் உள்ளன. மெலிந்த நூல்களுள் இழிந்தது, ஆங்கிலத் தொடருக்கு நேரே அதன் சொற்பெயர்ப்பை மட்டும் அச்சிட்டு மாணவன் தலையில் ஏற்றுவது. அவன் ஆங்கிலத்தையும் முழுதாய்க் கற்கான். வீடு திரும்பிக் கையையும் காலையும் எசுப்பானியத்தில் விற்பான். நல்ல நூல், தொடருக்கு நேரே தொடரை நிறுத்தும். ஒன்றை விரும்பாத ஆங்கிலேயன் 'அது என் கோப்பைத் தேநீர் அன்று' என்பான். குளம்பி குடிக்கும் நாட்டான் அதற்கு நேராக, 'அவர் நான் வழிபடும் தூயவர் அல்லர்' என்பான். இவ்விரண்டையும் அருகருகே வைத்த ஆசிரியன் ஒரே வேளையில் இரு மொழியையும் கற்பித்தவன் ஆகிறான். நேர்த்தொடர் இல்லாத இடத்தில் எளிய சொற்களால் பொருளை மட்டும் கூறி விட்டுவிடலாம்.

எல்லாவற்றினும் காலைப் பற்றிய தொடர்களில்தான் ஆசிரியன் விழிப்பாயிருக்கவேண்டும். ஒருவனை விளையாட்டாய் ஏமாற்றுவதை ஆங்கிலேயன் 'காலை இழுத்தல்' என்கிறான். எசுப்பானியத்தில் அதற்குத் தொடர் 'மயிரைப் பிடித்தல்'. அம்மொழியில் 'காலை நீட்டினான்' என்றால் செத்தான் என்று பொருள். செத்தவனை ஆங்கிலேயன் வாளியை உதைத்தான் என்பான். நீட்டலுக்கும் இழுத்தலுக்கும் எசுப்பானியத்தில் வேற்றுமை சிறிதே. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் பழகிய மாணவன், தன் தாத்தா காலை நீட்டிவிட்ட துயரச் செய்தியை ஆங்கிலத்திற் சொல்லப்போய், தாத்தா எவரையோ கேலி செய்ததாகச் சொல்லிவிட்டு வருவான். அதே தொடரைத் தமிழன் தன் பழக்கத்தில் 'காலை வாரினான்' என்று கொண்டால், தாத்தா நம்பினவரைக் கெடுத்தவராகவும் ஆகிவிடுவார்.